ரோனி ஸ்ரோன்: கணக்கிற் சேராத ஆட்டக்காரி

2020 டிசெம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் நிருவாகம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. நிறவேற்றுமை காரணமாக வெள்ளையரின் போட்டிகளிற் சேர்க்கப்படாத கறுப்பின ஆட்டக்காரர், 1920 முதல் 1948 வரை ஆடிய 'நீக்ரோ லீக்' போட்டி அமைப்புக்களுள் ஏழு, இனிமேல் நாட்டின் முதல்தரப் போட்டிகளாகவே கொள்ளப்படும் என்பது அவ்வறிவித்தலின் சாரம். ஏறத்தாழ 3,400 ஆட்டக்காரரின் பெயர்கள் அதனால் முதல்தர வரிசையை அடைந்தன. 2024 மே மாதத்திற் புள்ளிவிபரங்களும் ஒன்றாக்கப்பட்டன. ஜோஷ் கிப்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரின் வாழ்நாட் சராசரி .372 எனப் பதிவாகியது. அதுவரை முதலிடத்தில் வைத்தெண்ணப்பட்ட ரை கொப் என்னும் வெள்ளையரின் சராசரி .367 ஆகும். கிப்சன் 1947 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

காலந் தாழ்த்தியேனும் நீதி வந்ததென்று பலரும் மகிழ்ந்தனர். மகிழத்தக்க செய்தியே அது. ஆயினும், வரலாறு பயில்வோர் ஒரு கணக்கேட்டைக் கையில் எடுக்கும்போது, அது எந்த ஆண்டில் முடிகின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். இக்கணக்கு 1948 இல் முடிகின்றது. நீக்ரோ லீக் அணியொன்றின் நிரந்தர உறுப்பினராகச் சம்பளத்துக்கு ஆடிய முதற் பெண்ணோ 1953 இலேதான் அக்களத்துள் அடியெடுத்து வைத்தார். அவர் பெயர் ரோனி ஸ்ரோன். அவருடைய வாழ்க்கையை நோக்குமிடத்து, ஒடுக்கப்பட்டோருக்குக் கதவுகள் எப்போது திறக்கின்றன, எதற்காகத் திறக்கின்றன என்ற வினாக்களுக்கு விடை காண வழி பிறக்கும்.

பேஸ்போல் ஆட்டம் எம்மவர்க்கு அதிகம் பழக்கமானதன்று. கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்து வீச, மற்றொருவர் மட்டையால் அடிக்கின்றார். அடித்தவர் நேர்க்கோட்டில் ஓடித் திரும்புவதில்லை; சதுரத்தின் நான்கு மூலைகளிலும் அமைந்த தளங்களைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்தை அடைதல் வேண்டும். ஓடுபவரின் காலணியில் உலோக முட்கள் உண்டு. அவர் தரையிற் சறுக்கித் தளத்தைத் தொட முயல்வார்; அத்தளத்தைக் காப்பவர் பந்தைப் பற்றி அவரைத் தடுக்க முயல்வார். முட்காலணிகளும் காப்பவரின் கைகால்களும் மோதிக்கொள்ளும் இடம் அதுவே. ரோனி ஸ்ரோன் காத்தது இரண்டாம் தளம். மோதல் மிகுந்த இடங்களுள் அதுவும் ஒன்று என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வாட்டத்தை அமெரிக்கர் தமது தேசிய விளையாட்டென்பர். அத்தேசத்துள் யார் அடங்குவர் என்பதை அவ்விளையாட்டே காட்டிக்கொடுத்தது. 1884 இல் மோசெஸ் ஃபிளீற்வுட் வோக்கர் என்னும் கறுப்பினத்தவர் முதல்தர அணியொன்றில் ஆடினார். அதன் பின்னர், சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதப்படாமலே, அணி முதலாளிகளின் உடன்பாட்டினாற் கறுப்பினத்தவர் முற்றாக விலக்கப்பட்டனர். எழுதாத சட்டமே எழுதிய சட்டத்திலும் வலியதாக இருந்தது. தென்மாநிலங்களின் பருத்தி நிலங்களைவிட்டு வடக்கேயுள்ள ஆலை நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கிற் குடிபெயர்ந்த காலம் அது. அவ்வாறு பெருகிய தொழிலாளரின் கைக்காசை நம்பி, 1920 இல் கான்சஸ் சிற்றியில் ரூப் பொஸ்ரர் என்பவர் நீக்ரோ தேசிய லீக்கை அமைத்தார். ஆட்டக்காரர் மட்டுமன்றி, முகாமையாளர், எழுதுவினைஞர், பத்திரிகையாளர், பயணச்சீட்டு விற்போர் எனப் பலருக்கும் அது வாழ்வளித்தது.

அடுத்த ஆண்டு, 1921 யூலை 17 ஆந் திகதி, மேற்கு வேர்ஜீனியா மாநிலத்துப் புளூபீல்ட் என்னும் ஊரில் மார்சீனியா லைல் ஸ்ரோன் பிறந்தார். அவருக்குப் பத்து வயதளவில் குடும்பம் மினெசோற்றா மாநிலத்துச் செயின்ற் போல் நகருக்குக் குடிபெயர்ந்து, கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ரொண்டோ என்னும் பகுதியிற் குடியேறியது. தந்தையார் முடிதிருத்தும் தொழில் செய்தார். தாயார் கூந்தல் அலங்கரிக்குந் தொழில் செய்தார். உழைத்துச் சேர்த்த சிறு மதிப்பைப் பிள்ளைகள் கல்வியாற் பெருக்குவர் என நம்பிய பெற்றோர் அவர்கள். மகளின் மனமோ பந்தையும் கையுறையையுமே நாடியது. ஊரார் அவருக்கு 'ரொம்போய்' என்று பெயர் சூட்டினர். ஆண்பிள்ளை போலத் திரியும் பெண் என்பது அதன் பொருள். பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கவலையுற்ற பெற்றோர், கத்தோலிக்கக் குருவானவரிடம் முறையிட்டனர். அவரோ சிறுமியைத் தம் பங்குச் சிறுவர் அணியிலேயே சேர்த்துக்கொண்டார்.

அந்நகரில், முன்னாளில் முதல்தர அணியொன்றை உலக வெற்றிக்கு இட்டுச் சென்ற கபி ஸ்றீற் என்னும் வெள்ளையர் சிறுவருக்குப் பயிற்சிப் பாசறை நடத்தினார். சிறுமி நாள்தோறும் அங்குச் சென்று நின்றார். துரத்தினாலும் மறுநாள் வந்தார். ஈற்றில் அவரை ஆடவிட்டுப் பார்த்த ஸ்றீற், அவருடைய திறமையைக் கண்டு முட்காலணி ஒரு சோடி வாங்கிக் கொடுத்தார். பதினாறு வயதளவில் 'இரட்டை நகர்க் கறுப்பின ஜயன்ற்ஸ்' என்ற அணியில் வளர்ந்த ஆண்களோடு அவர் ஊரூராகச் சென்று ஆடினார். ஒரு சில டொலர்கள் கைக்கு வந்தன. உயர்தரப் பாடசாலைப் படிப்போ இடையில் நின்றது.

இவ்விடத்தில் வாசகர் ஒரு வினாவை எழுப்பலாம். அக்காலத்திலே பெண்களுக்கெனத் தனியான பேஸ்போல் லீக் ஒன்று இருந்ததன்றோ? உண்மையே. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குச் சென்றபோது, ஆடுகளங்கள் வெறுமையாகிவிடுமென்று அஞ்சிய சுவிங்கம் உற்பத்தி முதலாளி பிலிப் றிக்லி, 1943 இல் அகில அமெரிக்கப் பெண்கள் லீக்கைத் தோற்றுவித்தார். 1954 வரை நீடித்த அதிலே 600 க்கு மேற்பட்ட பெண்கள் ஆடினர். பெண்ணின் உழைப்பைப் போர்க்கால முதலாளித்துவம் எவ்வாறு நாடியது என்பதற்கு அது நல்ல சான்று. ஆட்டக்காரிகளுக்கு நடையுடை பாவனைப் பயிற்சி அளிக்கப்பட்டது. உதட்டுச் சாயம் கட்டாயமாக்கப்பட்டது. குட்டைப் பாவாடையோடு தரையிற் சறுக்கித் தொடைத் தோல் உரிந்தவர் பலர். இவ்வளவுக்கும் உடன்பட ஆயத்தமாயிருந்த கறுப்பினப் பெண்களுக்கும் அங்கே இடமிருக்கவில்லை. பன்னிரண்டு பருவகாலங்களிலும் கறுப்பினப் பெண் ஒருத்தியேனும் அதில் ஆடவில்லை. பின்னாளிற் புகழ் பெற்ற மேமி ஜோன்சன் என்னும் பந்துவீச்சாளர், வேர்ஜீனியாவின் அலெக்சாந்திரியா நகரில் நடந்த தெரிவுக்குச் சென்றபோது களத்தில் இறங்கவும் விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். 1992 இல் அந்த லீக்கைப் பற்றி வெளிவந்த திரைப்படத்தில், களத்துக்கு வெளியே நிற்கும் கறுப்பினப் பெண்ணொருத்தி, தன் பக்கம் உருண்டுவந்த பந்தை எடுத்து வெகு தூரத்துக்கு எறியும் காட்சியொன்று உண்டு. சில கணங்களில் முடிந்துவிடும் அக்காட்சியே அப்படம் இவ்வரலாற்றுக்கு ஒதுக்கிய இடம்.

ஆகவே ரோனி ஸ்ரோனுக்கு மூன்று கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. வெள்ளை ஆண்களின் லீக் நிறத்தால் அடைத்தது. பெண்களின் லீக்கும் நிறத்தால் அடைத்தது. கறுப்பின ஆண்களின் லீக் பாலால் அடைத்தது.

போர்க் காலத்தில் அவர் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகருக்குச் சென்று, கிடைத்த வேலைகளைச் செய்து வாழ்ந்தார். 'ரோனி' என்ற பெயரை அங்கேதான் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார். சிறுவயதிற் பெற்ற பட்டப்பெயரின் ஒலி அதில் இருந்தமையால் அது அவருக்குப் பிடித்திருந்தது. இளைஞர் அணியொன்றிற் சேர்வதற்காக வயதிற் பத்து ஆண்டுகளைக் குறைத்துக் கூறினார். 1949 இல் 'சான் பிரான்சிஸ்கோ சீ லயன்ஸ்' என்ற கறுப்பினத் தொழில்முறை அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. நாடு சுற்றி ஆடிய அவ்வணியில், ஒப்புக்கொண்ட சம்பளம் தமக்குத் தரப்படவில்லை என்று கண்டதும், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகி, நியூ ஓர்லியன்ஸ் நகர அணிக்கு மாறினார். சம்பளக் குறைப்பை எதிர்த்துத் தன்னந் தனியாக ஒரு தொழிலாளி செய்யக்கூடியது வேறென்ன? 1950 இல், தம்மிலும் வயதில் மிக மூத்தவரான ஒரேலியஸ் அல்பேர்காவை மணந்தார். மனைவி ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமெனக் கணவர் விரும்பினார். மனைவியோ ஆட்டத்தை விடவில்லை.

இனி, நீக்ரோ லீக்கின் கதவு அவருக்குத் திறந்த கதையைப் பார்ப்போம். 1947 ஏப்பிரலில் ஜாக்கி றொபின்சன் புறூக்ளின் டொட்ஜேர்ஸ் அணியில் ஆடி நிறத்தடையை உடைத்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் அது ஒரு பெருநாள். ஆனால் அந்த வெற்றி எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கான்சஸ் சிற்றி மொனார்க்ஸ் அணியின் ஆட்டக்காரராயிருந்த றொபின்சனை எடுத்துக்கொண்டபோது, டொட்ஜேர்ஸ் நிருவாகம் அவ்வணிக்கு ஒரு சதமேனும் கொடுக்கவில்லை. கறுப்பின மக்கள் தம் வீரனைக் காண வெள்ளையரின் மைதானங்களுக்குச் சென்றனர். நியூவார்க் ஈகிள்ஸ் என்ற கறுப்பின அணியின் ஆட்டங்களைக் காண 1946 இல் ஏறத்தாழ 1,20,000 பேர் வந்தனர். 1947 இல் வந்தவர் தொகை ஏறத்தாழ 57,000 மட்டுமே. 1948 பருவம் முடிந்ததும் நீக்ரோ தேசிய லீக் கலைந்தது. எஞ்சிய நீக்ரோ அமெரிக்க லீக்கில் 1953 இல் நான்கு அணிகளே மிஞ்சியிருந்தன.

இதனைக் கொண்டு, ஒன்றிணைப்பே தவறு என்று வாதிடுவது பொருந்தாது. பிழை ஒன்றிணைப்பில் இல்லை; அது நடந்த முறையில் இருந்தது. முதலாளிகள் இளமையும் திறமையும் மிக்க உடல்களை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தனர். அவ்வுடல்களைப் பயிற்றுவித்த முகாமையாளரையும், நடுவரையும், அலுவலரையும் வாயிலுக்கு வெளியே விட்டனர். றொபின்சன் களமிறங்கி 28 ஆண்டுகளின் பின்னரே, 1975 இல், முதல்தர அணியொன்றுக்குக் கறுப்பினத்தவரொருவர் முகாமையாளரானார் என்பது இதற்குத் தக்க சான்று. ஒரு மக்கட் கூட்டம் தன் வியர்வையால் எழுப்பிய நிறுவனம் சரிந்தது; அதிலிருந்து பெறுமதி மிக்கவை பொறுக்கி எடுக்கப்பட்டன.

இந்தச் சரிவின் நடுவிலேதான் இண்டியானாபொலிஸ் குளௌன்ஸ் என்ற அணியின் உரிமையாளர் சிட் பொலக் ரோனி ஸ்ரோனைத் தேடி வந்தார். குளௌன்ஸ் என்றால் கோமாளிகள். தரமான ஆட்டத்தோடு கோமாளி வேடிக்கைகளையும் காட்டிக் கூட்டம் சேர்ப்பது அவ்வணியின் வழக்கம். 1952 இல் அங்கு ஆடிய ஹாங்க் ஆரோன் என்ற இளைஞரை வெள்ளையரின் முதல்தர அணி வாங்கிச் சென்றிருந்தது. பிற்காலத்தில் 755 ஹோம் ரன் அடித்துப் புகழெய்தியவர் அவரே. அவ்வாறு வெறுமையான அணிக்குப் புதுக் கவர்ச்சி தேவைப்பட்டது. ஒரு பெண்ணைக் களத்தில் நிறுத்தினால் மக்கள் வருவர் என்பது பொலக்கின் கணக்கு.

இதற்கு முந்திய ஆண்டில், 1952 யூன் மாதத்தில், வெள்ளையரின் இரண்டாந்தர அணியொன்று எலினோர் எங்கிள் என்ற பெண்ணோடு ஒப்பந்தஞ் செய்தபோது, மேல் நிருவாகம் அதனை இரத்துச் செய்து, இனிமேற் பெண்களோடு ஒப்பந்தஞ் செய்தலாகாது என்றும் விதித்தது. செல்வமும் செல்வாக்கும் உள்ள இடத்திற் பெண்ணுக்குத் தடை. வருமானம் வற்றிய இடத்திற் பெண்ணுக்கு அழைப்பு. இவ்விரண்டும் ஒரே ஆண்டுக் காலத்துள் நிகழ்ந்தவை. நட்டம் ஓடும் தொழிற்சாலை வேறு எவரும் கிடையாதபோது பெண்ணை வேலைக்கு அமர்த்துவதைப் போன்றது இது.

பொலக்கின் விளம்பரங்கள் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 12,000 டொலர் என்று பறைசாற்றின. கைக்கு வந்த தொகை அதில் ஒரு சிறு பங்கே. குட்டைப் பாவாடை அணிந்து ஆடுமாறு கேட்டபோது ரோனி ஸ்ரோன் மறுத்தார். ஆண்கள் அணிந்த அதே காற்சட்டையையே அணிந்து ஆடினார். பார்வைக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். காட்சிப் பொருளாக வாங்கப்பட்ட ஒருவர், தாம் விற்க வந்தது இரண்டாம் தளத்தைக் காக்கும் உழைப்பை மட்டுமே என்று அம்மறுப்பால் உரைத்தார்.

1953 பருவத்தில் ஏறக்குறைய 50 ஆட்டங்களில் அவர் ஆடினார். அவருடைய சராசரி .243. நூறு முறை மட்டையெடுத்தால் ஏறத்தாழ இருபத்துநான்கு முறை பந்தை அடித்துத் தளம் அடைந்தார் என்பது பொருள். பெரும் புகழுக்குரிய எண் இதுவன்று. இரங்கி ஒதுக்கத்தக்க எண்ணும் அன்று. பல ஆட்டங்களில் முதல் மூன்று பகுதிகள் மட்டும் ஆடவிட்டு, கூட்டம் அவரைப் பார்த்துவிட்ட பின்னர் வெளியே அழைத்துக்கொள்வது முகாமையின் வழக்கமாக இருந்தது. தொடர்ந்து ஆடாதவர் எங்ஙனம் திறமையை வளர்ப்பது? அவ்வாறு குறுக்கப்பட்ட வாய்ப்பிலேயே அவர் அந்தச் சராசரியை எட்டினார்.

எதிரணியினர் முட்காலணியை அவர்மீது குறிவைத்துச் சறுக்கினர். மணிக்கட்டிலும் கால்களிலும் விழுந்த தழும்புகளை அவர் பின்னாளிற் பெருமையோடு காட்டியதுண்டு. சொந்த அணியினருட் சிலரே, அவர் தவறும்படியாகப் பந்தை எறிந்தனர். வீட்டுக்குப் போய்க் கணவனுக்குச் சமைத்துப் போடு என்று ஏசினர். கறுப்பினப் பத்திரிகையாளருட் சிலரும், பெண்ணை நம்பிப் பிழைக்கும் நிலைக்கு எமது ஆட்டம் தாழ்ந்துவிட்டதே என்று வருந்தி எழுதினர். அந்த ஆண்களையும் நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். அவர்களும் மூழ்கும் கப்பலில் நின்றவர்கள். றொபின்சனைப்போல் தாமும் அழைக்கப்படுவோம் என ஏங்கியவர்கள். கோமாளி அணி என்ற பெயரும், கூட ஆடும் பெண்ணும், தம் திறமையைப் பிறர் மதிக்கத் தடையாகும் என்று அஞ்சினர். அவர்களது சினம் முதலாளிமீது பாயாமல் தம்மருகில் நின்ற தொழிலாளிமீது பாய்ந்தது. ஒடுக்கப்பட்டோரிடையே இது புதுமையன்று.

களத்துக்கு வெளியேயும் வாழ்க்கை கடினமானது. அணி பஸ்வண்டியிலேயே நாட்டைச் சுற்றியது. தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவருக்கு உணவு தரும் கடையும், படுக்க இடந் தரும் விடுதியும் அரிது. உடைமாற்றும் அறையில் அவருக்கு இடமில்லை. நடுவரின் அறையிலோ வேறெங்கேயோ ஒதுங்கி உடைமாற்றினார். பஸ்வண்டி நிறைந்த ஆண்களோடு வந்திறங்கும் ஒற்றைப் பெண்ணைக் கண்ட விடுதிக்காரர் சிலர், அவரை விலைமகள் என்று கருதி, விலைமாதர் இல்லத்துக்கு வழிகாட்டினர். போவதற்கு வேறிடமின்றி அவர் அங்கே சென்றார். அப்பெண்களோ அவரை அன்போடு வரவேற்று, உணவும் படுக்கையும் தந்து, உடை துவைத்துக் கொடுத்தனர். பின்னர் பல ஊர்களிலும் அத்தகைய இல்லங்களே அவருக்குத் தங்குமிடமாயின. சமுதாயத்தின் மானத்தைக் காப்பவரென்று தம்மைக் கருதியோர் கதவடைத்தபோது, அச்சமுதாயம் இழித்துரைத்த பெண்களே கதவைத் திறந்தனர். ரோனி ஸ்ரோனின் வாழ்வில் விலை பேசாது திறந்த கதவுகள் சிலவே. அவற்றுள் இவையும் அடங்கும்.

1954 இல் பொலக் அவரைக் கான்சஸ் சிற்றி மொனார்க்ஸ் அணிக்கு விற்றார். அவ்விடத்துக்குக் கொனி மோர்கன் என்ற இளம் பெண்ணை எடுத்தார். அலெக்சாந்திரியாவில் விரட்டப்பட்ட மேமி ஜோன்சன் 1953 இலேயே குளௌன்ஸ் அணியிற் சேர்ந்து ஆண்களுக்குப் பந்து வீசினார். ஆக, நீக்ரோ லீக்கில் இவ்வாறு நிரந்தரமாக ஆடிய பெண்கள் மூவர். மொனார்க்ஸ் அணியின் முகாமையாளர் பக் ஓநீல் பண்பாளராயினும், ரோனி ஸ்ரோனைப் பெரும்பாலும் வாங்கிலேயே இருத்தினார். தம்மை வெறுக்கும் ஆண்களுக்கு நடுவே ஆடாமல் அமர்ந்திருந்த அக்காலத்தை நரகமென்றே அவர் நினைவுகூர்ந்தார். அப்பருவத்தோடு தொழில்முறை ஆட்டத்தை விட்டார். அப்போது அவருக்கு வயது 33.

அதன் பின்னர் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலே தாதியாகப் பணிபுரிந்தார்; நூறு வயதைக் கடந்து வாழ்ந்த கணவரைப் பேணினார்; வாய்த்தபோதெல்லாம் பொழுதுபோக்கு அணிகளிற் பந்தாடினார். நாடு அவரை மறந்தது. அவர் வளர்ந்த ரொண்டோவும் மறைந்தது. 1950 களின் பிற்பகுதியிலிருந்து 1960 கள் வரை நெடுஞ்சாலையொன்று அப்பகுதியை ஊடறுத்துப் போடப்பட்டபோது நூற்றுக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வீடிழந்தன. 1990 மார்ச் மாதத்திற் செயின்ற் போல் நகரம் 'ரோனி ஸ்ரோன் நாள்' ஒன்றைக் கொண்டாடியது. 1993 இல் சர்வதேசப் பெண்கள் விளையாட்டுப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1996 நொவெம்பர் 2 ஆந் திகதி, 75 ஆம் வயதில், அவர் காலமானார். செயின்ற் போல் நகரில் அவர் பெயரால் ஓர் ஆடுகளம் விளங்குகின்றது. 2010 இல் மார்தா அக்மன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 2019 இல் அவர் கதை நியூயோர்க்கில் நாடகமாக மேடையேறியது.

மறதியிலிருந்து ஒருவரை மீட்பது நற்பணி. ஆயின் மீட்கும்போது அவரைத் தனித்தவொரு வீராங்கனையாக மட்டும் வருணித்துவிடின், அவரை உருவாக்கிய நிலைமைகளும் அவரை ஒடுக்கிய நிலைமைகளும் பார்வையிலிருந்து நழுவிவிடும். மனவுறுதி இருந்தால் எவரும் முன்னேறலாம் என்ற போதனைக்கு அவர் வாழ்வைச் சான்றாக்குவோர் இன்று பலர். மனவுறுதி அவருக்குப் பத்து வயதிலேயே இருந்தது. கதவு திறந்ததோ 31 ஆம் வயதில். அதுவும் கதவுக்கு உட்பக்கம் இடிந்து விழத் தொடங்கிய பின்னரே. இடையிற் கழிந்த இருபது ஆண்டுகளுக்கு அவருடைய மனவுறுதி பொறுப்பன்று.

இங்கேதான் 1948 என்ற எல்லை மீண்டும் எம் கவனத்துக்கு வருகின்றது. அந்த எல்லையை வகுத்தோருக்கு நியாயமான காரணமுண்டு. நீக்ரோ தேசிய லீக் அவ்வாண்டோடு கலைந்தது. சிறந்த ஆட்டக்காரர் வெள்ளையரின் அணிகளுக்குச் சென்றமையால் எஞ்சிய ஆட்டத்தின் தரம் குறைந்தது. ஆகவே அதற்குப் பிந்திய ஆட்டங்களை முதல்தரமென்று கொள்ள முடியாது என்பர். ஆட்டத்தின் தரத்தை அளப்பதே நோக்கமாயின் இதிற் குறை காண்பதரிது. ஆனால் அதன் விளைவு யாதெனக் காண்க. லீக் செழித்திருந்த ஆண்டுகளிற் பெண்ணுக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்த ஆண்டுகளோ கணக்கிற் சேரவில்லை. மூன்று பெண்களும் ஆடிய ஆட்டங்கள் யாவும் கோட்டுக்கு அப்பாலேயே விழுந்தன. எவரும் அவர்களை விலக்க வேண்டுமென்று எண்ணி அக்கோட்டைக் கீறவில்லை. ஆயினும் அவர்கள் விலக்கப்பட்டனர். முன்னைய அநீதியொன்றின் வடிவத்தை, பின்னைய நீதி தன்னையறியாமலே ஏற்றுக்கொண்டது.

வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நாம் மாணவர்முன் பல அட்டவணைகளை வைக்கின்றோம். விளையாட்டுச் சாதனைகளாயினும், பரீட்சைப் பேறுகளாயினும், உத்தியோகத் தொகைகளாயினும், அட்டவணை நேர்மையான முகத்தோடேயே எம்மை நோக்கும். அதனை மனனஞ் செய்யுமுன், இதில் இடம்பெறும் வாய்ப்பு எவருக்கு இருந்தது, எந்த ஆண்டில் இருந்தது, எவ்வளவு நேரம் ஆடவிடப்பட்டார் என்று கேட்க மாணவரைப் பழக்குதல் எமது கடன். .243 என்ற எண்ணை அவர்கள்முன் எழுதி, மூன்றாம் பகுதி முடிந்ததும் வெளியே அழைக்கப்பட்ட ஒருவர் பெற்ற எண் இது என்று அருகிற் குறித்துக் காட்டுவோமாயின், அவ்வெண் அவர்களுக்கு வேறொரு பொருளைத் தரும்.